பதினெட்டு போல்ட்டும் ஒரு மஞ்சள் கோடும்

எங்கள் தெருவில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. எங்கள் வாசலில் ஆரம்பித்து, முனையில் திரும்பி, டீக்கடை வரைக்கும் போயிருந்தது. முதலில் சொட்டுச் சொட்டாக, போகப் போகத் தடிமனாக, டீக்கடை முன்னால் ஒரு சின்னக் குளமாக.

மூன்றாவது வீட்டு அம்சா அக்கா வெளியே வந்து பார்த்துவிட்டு, "அய்யய்யோ, யாரையோ வெட்டிப்புட்டாங்கடி!" என்று கத்தினார். எதிர் வீட்டுப் பெரியவர் பதறவில்லை. யாரோ மாப்பிள்ளை பெண்ணுக்கு ஆரத்தி எடுத்துக் கொட்டியிருக்கிறார்கள் என்றார். இவ்வளவு நீளத்துக்கு ஆரத்தி கொட்ட வேண்டுமென்றால் மாப்பிள்ளை மாநகராட்சி லாரியில் வந்திருக்க வேண்டும்.

டீக்கடைக்காரர்தான் குனிந்து, விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார். "ஆயிலு," என்றார்.

ஆமாம், எண்ணெய்தான். ஆட்டோமேட்டிக் காரின் கியர்பெட்டிக்கு ஊற்றுகிற எண்ணெய் ரோஸ்மில்க் எசென்ஸ் நிறத்தில் இருக்கும். அந்தக் குளத்தின் நடுவே என் கார் நின்றது. உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நான். ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் ஊரைக் கூட்டியது. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை.

அந்த வண்டியைப் பரிசோதித்து "ஓ.கே." சொல்லி அப்போது பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. ஓ.கே. சொன்னதும் நான்தான்.

நாளுக்கு இரண்டு தேங்க்ஸ்

இந்த வாரம்தான் இந்தத் தொடரைக் கையில் எடுக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் கற்பகம். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் பைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். 'இது வேண்டாம்' என்று சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவள்.

என் இடது கால் இரண்டு வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. போய்விட்டது என்றால் இருக்கிறது, வேலைக்குத்தான் வராது. ஆனால் வருடா வருடம் புதுச் செருப்பு மட்டும் கேட்கும்.

கம்பெனி பஸ்ஸின் முதல் படி என் முழங்காலுக்கு மேலே இருந்தது. பதினோரு வருடம், மேலேயிருந்து யாராவது கையைப் பிடித்து இழுத்தார்கள், கீழேயிருந்து யாராவது தாங்கினார்கள். நல்ல மனுஷர்கள். ஒரு நாள்கூட யாரும் முகம் சுளித்ததில்லை. அதுதான் கஷ்டம். சுளித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஏறும்போது ஒரு தேங்க்ஸ், இறங்கும்போது ஒரு தேங்க்ஸ். "இதுல இன்னா கீது, வுடுக்கா," என்பார்கள். அதில் என்ன இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

வீட்டில் என் கணவர் தணிகாசலம். வேறொரு தொழிற்சாலையில் போல்ட் முறுக்குகிற வேலை. "நான் கொண்டு வுடுறேன்" என்பது அவருடைய மூல மந்திரம். கோயிலா, தங்கச்சி வீடா, பல் டாக்டரா, பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் விடுவார். அன்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஆனால் கொண்டு விடப்படுகிறவளுக்குச் சொந்தமாக நேரம் என்று ஒன்று கிடையாது. தங்கச்சியோடு பேச்சு சூடு பிடிக்கிற நேரமாகப் பார்த்து அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "போலாமா?" என்பார். பாதிக் கதையோடு எழுந்து வந்துவிட வேண்டும். அப்படிப் பாதியில் விட்ட கதைகள் மட்டும் ஒரு மூட்டை இருக்கும்.

குங்குமம் வைத்த ஸ்டிக்கர்

கிளட்ச் இல்லாத கார் என்று ஒன்று உண்டு என்று தெரிந்த நாளில் எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. இரண்டே பெடல். இரண்டுக்கும் வலது கால் போதும். இடது கால் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

எங்கள் பக்கத்தில் கொரியாவிலிருந்து வந்து வேலை பார்க்கிற பொறியாளர்கள் நிறைய. அதில் ஒருவர் ஊர் திரும்பும்போது விற்ற கார் அது. அப்போதே அதற்கு வயசாகிவிட்டிருந்தது. நான் வாங்கிப் பழகி, உரிமம் எடுத்து, ஒரகடம் மேம்பாலத்தில் முதல் தடவை தனியாக ஏறி இறங்கியதையெல்லாம் நான்கு வாரத்துக்கு முன்னால் எழுதிவிட்டேன். ஸ்டிக்கர் கதையை மட்டும் விட்டுவிட்டேன்.

ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் கொரிய எழுத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்துவிடலாம் என்றேன். என் வீட்டுக்காரர் கையைத் தட்டிவிட்டார்.

"அவங்க சாமி பேரா இருந்துச்சின்னா? எந்த ஊரு சாமியா இருந்தா இன்னா, வண்டிய காப்பாத்துதுல்ல?"

அன்றைக்கு வைத்த குங்குமம்தான். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. சாமியும் ஆறு வருடம் எங்களைக் காப்பாற்றியது.

வண்டி கெட்டுப்போன பிறகுதான் அதைப் போட்டோ எடுத்து, எங்கள் செக்‌ஷனில் கொரியத் தொடராகப் பார்த்துத் தள்ளுகிற ஒரு பெண்ணிடம் காட்டினேன். அந்தப் பெண் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தாள். "அக்கா, கியர் ஆயிலை மாத்தச் சொல்லி எழுதியிருக்கு."

ஆறு வருடமாக நாங்கள் மாற்றவில்லை. கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

மூன்றிலேயே நிற்கிற வண்டி

கெட்டது இப்படித்தான். ஒரு காலை, முன்னால் போகிற கியரைக் காட்டுகிற 'டி' என்கிற எழுத்து டேஷ்போர்டில் கண்ணடிக்க ஆரம்பித்தது. அதன் பிறகு வண்டி மூன்றாவது கியரை விட்டு நகர மறுத்துவிட்டது. கிளம்புவதும் மூன்றில், போவதும் மூன்றில்.

மூன்றில் கிளம்புகிற கார், காலையில் எழுப்பப்பட்ட என் வீட்டுக்காரர் மாதிரி. முனகும், நகராது. ஒரகடம் மேம்பாலத்தில் ஏறும்போது பின்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டின. தயிர்க்கேனோடு சைக்கிளில் போன ஒருவர் என்னைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, "தள்ளணுமாம்மா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

சர்வீஸ் சென்டரில் குளிர்ந்த அறையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, முழு கியர்பெட்டியையும் மாற்றவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு இதே மாதிரி இரண்டு கார் வாங்கி ஒன்றை உதிரிபாகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சுங்குவார்சத்திரத்தில் கார் எலக்ட்ரீஷியன் காதர் பாய் தன் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு வேறு சொன்னார்.

"பெட்டி நல்லாத்தாம்மா கீது. உள்ள ஒரு சோலினாய்டு பூட்ச்சி. தம்மாத்தூண்டு சாமான். கரண்டு குடுத்தா உள்ள ஊசி நவுரும், ஆயிலுக்கு வழி வுடும். ஆயிலு போனாத்தான் கியர் மாறும். வூட்டுக் கொழாய் மாதிரிதான். உன் கொழாய் இறுகிக்கிச்சு."

"நீங்களே மாத்திக் குடுத்துடுங்க பாய்."

"நான் கரண்டு ஆளும்மா. ஆயில்ல கை வைக்க மாட்டேன்," என்று கைகளைத் துடைத்துக்கொண்டார்.

இதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. மூன்று வாரமும் மறுபடி பஸ். மறுபடி மேலேயிருந்து ஒரு கை, கீழேயிருந்து ஒரு கை. மறுபடி நாளுக்கு இரண்டு தேங்க்ஸ். சொந்தமாகப் போய் வந்த பிறகு அந்தப் படி முன்னைவிட உயர்ந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "வண்டிய குடுத்துடலாம் கற்பகம். பழைய கார் எடுக்கறவர் ஒருத்தர் ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வரேன்னாரு. நான்தான் கீறேன்ல, கொண்டு வுடுறேன்."

எனக்கு ஆத்திரம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். "ஞாயித்துக்கெழம பத்து மணிக்குள்ள அது ஓடலைன்னா நீங்க குடுத்துடுங்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்," என்றேன்.

சொன்ன நாள் புதன்கிழமை.

பல மரம் கண்ட தச்சர்கள்

மறுநாள் லீவு போட்டுவிட்டு, பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்குப் போய், அதே மாடலிலிருந்து கழற்றிய சோலினாய்டு ஒன்றைத் தேடிப் பிடித்தேன். நூல்கண்டு அளவுதான். கடைக்காரர் பேட்டரி ஒயரைத் தொடவைத்தார். நல்லது என்றால் உள்ளே ஊசி நகர்ந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். முதல் மூன்றை வேண்டாம் என்றேன். நான்காவது சுத்தமாக 'டிக்' என்றது. அந்த மாதத்தில் நான் கேட்ட நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

சாமான் வந்துவிட்டது. மாட்டுவது யார்?

எங்கள் தெரு வல்லம் வடகாலுக்குப் போகிற வழியில் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது கார் கம்பெனியில் வேலை செய்கிறார். ஒருவர் சீட்டு பொருத்துகிறார், ஒருவர் கண்ணாடி ஒட்டுகிறார், ஒருவர் ஹாரன் மட்டும் அடித்துப் பார்க்கிறார். தெரு முழுவதையும் வரிசையில் நிறுத்தினால் அந்தக் கடைசியில் ஒரு புதுக் கார் வெளியே வந்துவிடும். ஆனால் கெட்டுப்போன ஒரு காரைச் சரிபண்ணத் தெரிந்தவர் ஒருவர் கிடையாது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான் என்பார்களே, எங்கள் தெருவில் தச்சர்களே முப்பது பேர்.

முதலில் முன்வந்தது பக்கத்து வீட்டு ஏழுமலை. இந்த ஊர்க்காரன். அவன் அப்பா நாற்று நட்ட இடத்தில் இப்போது அவன் லைனில் நின்று காருக்குக் கதவு மாட்டுகிறான்.

"இன்னாக்கா நீ, ஊட்டாண்ட ஆள வச்சிகினு எங்கெங்கியோ சுத்திகினு கீற? காரு நமக்குத் தண்ணி பட்ட பாடு."

"நீ கதவுதான மாட்டற?"

"கதவு மாட்டறவனுக்கு மத்தது தெரியாதா? தொறந்தாத் தெரியப் போவுது."

இரண்டாவது ஆள் எதிர் வீட்டு மாடியில் குடியிருந்த இசக்கிமுத்து. தூத்துக்குடிப் பக்கம். பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு இங்கே இருக்கிறான். அவனுடைய வேலையைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

தொழிற்சாலையில் ஒரு போல்ட்டை அளவாக முறுக்கிய பிறகு, மார்க்கர் பேனாவால் அதன் தலை மேல் ஒரு மஞ்சள் கோடு போடுவார்கள். முறுக்கியாகிவிட்டது, இனி யாரும் தொடாதே என்று அர்த்தம். கோடு இருக்கிற போல்ட்டை மறுபடி முறுக்கினால் மெமோ கொடுத்துவிடுவார்கள். இசக்கிமுத்துவின் லைனில் மிஷின் முறுக்கி அனுப்பும். அவன் கோடு போடுவான். நான்கு வருடமாக அவனுக்கு அதுதான் வேலை.

அந்தப் பழக்கம் அவனோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. அவன் அறையில் மின்விசிறி, கட்டில், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றின் திருகாணியிலும் மஞ்சள் கோடு. ஒருமுறை எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் குக்கர் கைப்பிடிக்கும் போட்டுவிட்டுப் போனான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

காலண்டர் தாளில் ஒரு லைன்

இரண்டு பேருக்கும் அந்த வாரம் மதிய ஷிப்ட். என் வீட்டுக்காரருக்குக் காலை ஷிப்ட். அதனால் சனிக்கிழமை வேலையை நான் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். காலையில் ஏழுமலை கியர்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றி, சோலினாய்டை மாற்றி, தட்டைத் திரும்ப வைத்துப் போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவைப்பான். இசக்கிமுத்து கூடமாட உதவி. மூன்று மணிக்கு வந்து தணிகாசலம் முறுக்குவார், எண்ணெய் ஊற்றுவார். பைனல் இன்ஸ்பெக்‌ஷன் நான்.

முறுக்கும் வேலை அவருக்கு என்று ஏன் ஒதுக்கினேன் என்றால், ஊரிலேயே சொந்தமாக டார்க் ரெஞ்ச் வைத்திருக்கிறவர் அவர் ஒருவர்தான். சொன்ன அளவு முறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சத்தம் போட்டு நிறுத்தச் சொல்கிற ரெஞ்ச். போனஸில் வாங்கினார். பீரோவில் என் பட்டுப்புடவைகளுக்கு நடுவே இருக்கிறது.

வேலை அமோகமாகத்தான் ஆரம்பித்தது. வண்டியைத் தூக்கி நான்கு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்தார்கள். தரையில் போனைச் சாய்த்து வைத்து ஒரு வீடியோ ஓடியது. அதில் தாடிக்காரர் ஒருவர் எங்களில் யாருக்கும் தெரியாத பாஷையில் பேசிக்கொண்டே இதே வேலையைச் செய்தார். அவர் கையைப் பார்த்து ஏழுமலை கையை வைத்தான்.

பழைய எண்ணெய் தார் நிறத்தில் இறங்கியது. தட்டுக்குள் இருந்த காந்தத்தில் இரும்புத்தூள் முள்ளாக நின்றது. ஒரே ஒரு போல்ட், ஒரே ஒரு ஒயர், பழைய சோலினாய்டு கையோடு வந்துவிட்டது. பேட்டரியில் வைத்தோம். மூச்சுப் பேச்சு இல்லை. புதியது உள்ளே போய் உட்கார்ந்தது. தட்டு மேலே ஏறியது. பதினெட்டு போல்ட்டையும் ஏழுமலை விரலால் திருகிவைத்தான்.

"இம்மாத்தூண்டு வேலைக்கா கியர்பெட்டியவே மாத்தணும்னானுங்க?" என்று அவன் சிரித்தபோது தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. எங்கள் பக்கத்தில் அந்த ஹாரனுக்கு மேல் ஒரு சட்டம் கிடையாது. தாலி கட்டுகிற நேரத்தில் அடித்தாலும் மாப்பிள்ளை ஒரு நிமிடம் யோசிப்பான். போட்டது போட்டபடி ஏழுமலை ஓடினான். நான் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இசக்கிமுத்து ஸ்பேனர்களை எண்ணிப் பெட்டியில் வைத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடினான்.

மூன்று மணிக்கு என் வீட்டுக்காரர் வந்தார். பீரோவிலிருந்து ரெஞ்சை எடுத்தார். பாயை விரித்து அடியில் போனார். போன வேகத்தில் வெளியே வந்தார். முகம் சுருங்கிவிட்டது.

"என் வேலையவும் அவனுங்களே முடிச்சிட்டானுங்க. நான் வர்றதுக்குள்ள இன்னா அவசரம்? எல்லாத்துலயும் மார்க் கீது."

"கேட்டுப் பாருங்களேன்."

"லைன்ல போன் வச்சிகினு இருப்பானா? கம்பெனி கேட்டுலயே செக்யூரிட்டி வாங்கி வச்சிருப்பான். மார்க் கீதுன்னா முடிஞ்சிச்சு." ரெஞ்சைத் துடைத்து மறுபடி புடவைக்கு நடுவே வைத்தார். கோபித்துக்கொண்டே எண்ணெய் ஊற்றினார். அடியில் நாலு சொட்டு விழுந்தது. ஊற்றும்போது சிந்தியது என்றார்.

என் முறை வந்தது. டார்ச்சையும் கைப்பிடி வைத்த கண்ணாடியையும் அடியில் நீட்டிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினெட்டு வரை எண்ணினேன். பதினெட்டிலும் மஞ்சள் கோடு. வரிசையாக, அழகாக, எல்லாம் ஒரே நீளத்தில்.

"ஓ.கே.," என்றேன்.

ஊர் கூடி இழுத்த தேர்

அந்தப் பத்து நிமிடத்தில் முதல் மூன்று நிமிடம் சொர்க்கம். வண்டி முதல் கியரில் எழுந்தது. முனை திரும்பும்போது இரண்டாவதுக்கு மாறியதே தெரியவில்லை, வெண்ணெய். நான் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். பிறகு டீக்கடை, குளம், அம்சா அக்கா.

எண்ணெய் இல்லாமல் ஆட்டோமேட்டிக் வண்டி ஓடாது. வீட்டுக்குத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பார்கள், இங்கே தள்ளினார்கள். நான் இறங்குகிறேன் என்றதற்கு, "நீ உக்காருக்கா, உன்னையும் சேத்தே தள்ளிடறோம்," என்றார்கள்.

பஸ்ஸில் ஏற்றியது போதாதென்று இப்போது காரோடு சேர்த்துத் தள்ளினார்கள். வாசலில் விட்டுவிட்டு எல்லோரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். நான் கண்ணாடியை இறக்கி ஒவ்வொருவருக்கும் தேங்க்ஸ் சொன்னேன். ஒன்பது பேர். ஒன்பது பேரும், "இதுல இன்னா கீதுக்கா," என்றார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்து வெளியே வந்தபோது, வாசல் ஓரத்தில் புதிதாக நான்கு டப்பா கியர் எண்ணெய் இருந்தது. என் வீட்டுக்காரர் சுங்குவார்சத்திரம் போய் வாங்கி வந்திருந்தார். வைத்த கையோடு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். விற்கச் சொல்கிறவர் எதற்கு எண்ணெய் வாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஏன், ஏன், ஏன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் வாசலில் விசாரணை. தொழிற்சாலையில் ஒரு தப்பு நடந்தால் ஐந்து தடவை 'ஏன்' கேட்பார்கள். ஐந்தாவதில் உண்மையான காரணம் வந்துவிடுமாம். என் வீட்டுக்காரர் டீ கிளாஸோடு நடுவே உட்கார்ந்தார்.

"ஆயில் ஏன் ஒழுகிச்சு?"

"போல்ட் லூசு," என்றான் ஏழுமலை.

"ஏன் லூசு?"

"நீதான் முறுக்கலியே."

"ஏன் முறுக்கல? மார்க் இருந்துச்சு. ஏன்டா மார்க் போட்ட?"

இசக்கிமுத்துவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "போல்ட்டு ஓட்டையில உக்காந்துருந்துச்சு அண்ணாச்சி. எங்க லைன்ல என்ட்ட வாரப்பவே முறுக்கித்தான் வரும். பஸ் வேற ஹாரன் அடிச்சிட்டான். கை தானா போயிட்டு. போட்டதே எனக்கு ஞாபகம் இல்லை, பாத்துக்கிடுங்க."

அதோடு நான்கு ஏன் முடிந்தது. ஐந்தாவதை என் வீட்டுக்காரர் பாதி கேட்டார். "சரி, லூசாவே இருந்தாலும் வண்டி ஏன் வெளிய..." அங்கேயே நிறுத்திவிட்டார். மூன்று பேரும் டீ கிளாஸுக்குள் எதையோ தேடினார்கள்.

ஊரார் செய்த சாமானையெல்லாம் தட்டிப் பார்த்து, முறுக்கிப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறவள், என் சொந்த வண்டியில் கோட்டை எண்ணிவிட்டு வந்திருக்கிறேன். ஒரு போல்ட்டை, ஒரே ஒரு போல்ட்டை விரலால் தொட்டிருந்தால் போதும்.

"நான்தான் பாஸ் பண்ணேன்," என்றேன். "அந்த ரெஞ்சைக் குடுங்க."

"நீ எதுக்குக் கீழ போற? நான்..."

"யோவ், குடுய்யா."

அவர் எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தார்.

அடியில்

வண்டி மறுபடி ஸ்டாண்டில் ஏறியதும், அவருடைய பழைய யூனிபார்ம் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, மல்லாக்கப் படுத்து உள்ளே நகர்ந்தேன். உள்ளே போனதும் ஒன்று கண்டேன். படுத்துவிட்டால் என் இரண்டு காலும் ஒன்றுதான். அங்கே யாருடைய காலுக்கும் வேலையில்லை.

போல்ட்டில் விரலை வைத்தேன். தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் மூடி மாதிரி சுற்றியது. மேலே பட்டையாக மஞ்சள் கோடு. சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"எதிர் எதிரா போடு," என்று வெளியே தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் சொன்னார். "ஒரே பக்கமா முறுக்கினா தட்டு கோணிக்கும். இழு, இழு, டிக்குனு சொன்னதும் வுட்டுடு."

டிக். முதல் போல்ட். எதிரில் ஒன்று. டிக். கை கடுத்தது, கண்ணில் எண்ணெய் சொட்டியது. துடைத்துக்கொண்டு இழுத்தேன். ஒவ்வொன்றையும் முறுக்கி, மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்த்து, பிறகுதான் அடுத்தது. மஞ்சள் கோடு போட யாரையும் விடவில்லை. இசக்கிமுத்து மார்க்கர் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான்.

பதினாறாவது போல்ட்டில் இருந்தபோது வெளியே ஒரு புதுக் குரல் கேட்டது. வாசலில் நீட்டிக்கொண்டிருந்த என் கால்களிடம் பேசியது.

"அண்ணே, இந்த ஓட்ட வண்டிய பாக்க வந்தேன். ஓனரு இல்லியா?"

பத்து மணி ஆகிவிட்டிருந்தது.

"ஓனரு அடியில கீறாங்க," என்றேன். "ரெண்டு போல்ட் பாக்கி. உக்காருங்க."

எண்ணெய் ஊற்றியபின் தரையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். ஒரு சொட்டு இல்லை. நான் மட்டும் ஏறிக்கொண்டு ஒரகடம் மேம்பாலம் வரை போனேன். ஒன்று, இரண்டு, மூன்று, பாலத்தின் உச்சியில் நான்கு. 'டி' கண்ணடிக்கவில்லை. திரும்பி வந்தபோது கார் வாங்க வந்தவர் எங்கள் வீட்டுக் காபியைக் குடித்து முடித்திருந்தார். எழுந்து நின்று, முன்பு பேசியதற்கு மேலே ஒரு விலை சொன்னார்.

சம்பளம் வாங்காமல் அந்த வார்த்தையைச் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. "வேண்டாம்," என்றேன்.

திங்கட்கிழமை

அந்த வாரம் என் வீட்டுக்காரருக்கும் பகல் ஷிப்ட். காலையில் யூனிபார்ம் போட்டுக்கொண்ட ஆளைக் காணோம். பார்த்தால் காருக்கு அடியில் டார்ச்சோடு கிடக்கிறார். ராத்திரி முழுக்க ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று விரலால் ஒவ்வொரு போல்ட்டாகத் தடவிப் பார்க்கிறார்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஹாரன். அவசரத்தில் எழுந்து தலையை இடித்துக்கொண்டு, வெளியே வந்து, செருப்பைத் தேடி ஓடுவதற்குள் பஸ் போய்விட்டது. பைக்கை ஏழுமலை முதல் நாளே காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வாங்கிக்கொண்டு போயிருந்தான்.

வாசலில் நின்று தலையைத் தடவிக்கொண்டார். "கற்பகம்."

"இன்னாங்க?"

"பஸ்ஸு பூட்ச்சி."

"பாத்தேன்."

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "என்ன கொஞ்சம் கொண்டு வுடுறியா?"

இருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். தலை வாரினேன். பூ வைத்தேன். தங்கச்சிக்குப் போன் பண்ணி, போன மாதம் பாதியில் விட்ட கதையின் மீதியைக் கேட்டேன். அவர் காருக்குப் பக்கத்திலேயே பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருமுறைகூட "போலாமா?" என்று கேட்கவில்லை.

வழியெல்லாம் கியர் மாறுவதை உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே வந்தார். நிறுத்தம் நிறுத்தமாக நின்று ஆளேற்றிக்கொண்டு போன அவருடைய கம்பெனி பஸ்ஸை மேம்பாலத்தில் தாண்டினோம். ஜன்னலோரம் இருந்தவர்கள் அவரைப் பார்த்துக் கையாட்டினார்கள். அவர் சீட்டில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிக்கொண்டார்.

கேட்டில் நிறுத்தினேன். இறங்கி, கதவைச் சாத்திவிட்டு இரண்டடி போனவர் திரும்பி வந்து கண்ணாடியோரம் குனிந்தார்.

"தேங்க்ஸ்," என்றார்.

"இதுல இன்னா கீது, வுடுங்க," என்று சொல்லிவிட்டுக் கியரை 'டி'யில் போட்டேன்.